இருபத்தொன்றாம் நாளில் மட்டும் கேட்டால் போதாது

மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகத் தரப்படும் கீமோதெரபி முறை ஒன்று இருபத்தொரு நாள் கணக்கில் ஓடுகிறது. டாக்சோரூபிசின், சைக்ளோபாஸ்பமைடு என்ற இரண்டு மருந்துகளை ஒரே நாளில் ஏற்றி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மூன்று வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை. அணுக்கள் தேறியிருந்தால் அடுத்த சுற்று. நான்கு சுற்று முடிந்ததும் பாக்லிடாக்சல் தொடங்குகிறது. இந்த இருபத்தொரு நாளில் உடம்பு படும் பாட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதல் சில நாள்கள் குமட்டல், வாந்தி, வாய்க்கசப்பு, பசியின்மை. ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்குகின்றன. வாய்ப்புண்ணும் பெரும்பாலும் அந்த நாள்களில்தான் வருகிறது. மூன்றாவது வாரத்தில் மெல்லத் தேறி, சோறு தொண்டையில் இறங்கத் தொடங்கும்போது அடுத்த தேதி வந்துவிடுகிறது. ஆக, மருத்துவர் அந்தப் பெண்ணைப் பார்ப்பது, சுற்றிலேயே அவர் ஓரளவு நன்றாக இருக்கும் நாளில். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் ‘பரவாயில்லைங்க’ என்ற பதில் வருகிறது. தொந்தரவு ஏதும் இல்லை என்று சீட்டில் பதிவாகிறது. நடுவில் கழிந்த நாள்களுக்குப் பதிவேடு எதுவும் கிடையாது. கீமோவின் துன்பங்கள் ஒவ்வொன்றாக வருவதில்லை, கூட்டமாக வருகின்றன. அவற்றைக் கூட்டமாகவே, வீட்டிலேயே, சுற்றின் நடுவிலேயே கேட்டறிந்து தணிக்கும் ஏற்பாடு புதுக்கோட்டை போன்ற மாவட்டங்களில் சிகிச்சையின் ஒரு பகுதியாக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

புற்றுநோயாளிக்கு வலி, அசதி, தூக்கமின்மை மூன்றும் ஒருங்கே இருந்தால், அவற்றின் பாதிப்பு தனித்தனிப் பாதிப்புகளின் கூட்டுத்தொகையாக நின்றுவிடுவதில்லை. ஒன்றை மற்றொன்று பெருக்குகிறது. 2001இல் சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் செவிலியர் ஆய்வாளர் மேரிலின் டாட்டும் அவருடைய சகாக்களும் இதை முன்வைத்து, ஒன்றோடொன்று தொடர்புடைய மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தொந்தரவுகள் சேர்ந்து வருவதை ‘அறிகுறித் தொகுதி’ என்று வரையறுத்தார்கள். இரண்டு சேர்ந்தாலே தொகுதிதான் என்று பின்னர் வந்தவர்கள் வரையறையைத் தளர்த்தினார்கள். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ பெறும் பெண்களிடம் நடந்த ஆய்வுகளில் இரண்டு தொகுதிகள் அடிக்கடி தலைகாட்டுகின்றன. குமட்டல், வாந்தி, பசியின்மை, நாவின் சுவை மாறுதல் ஆகியவை ஒரு கூட்டம். அசதி, தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, வலி, கவனம் நிலைக்காமை ஆகியவை மற்றொரு கூட்டம். இரண்டாவது கூட்டத்துக்குப் பொதுவான உடலியல் காரணமாக அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் இருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. காய்ச்சல் கண்டவருக்கு அசதி, பசியின்மை, மந்தம், யாரோடும் பேசப் பிடிக்காமை எல்லாம் சேர்ந்தே வருவது நமக்குத் தெரியும். அதே பாதை இங்கே மாதக்கணக்கில் திறந்து கிடக்கிறது. 2009இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று கவனிக்கத்தக்கது. கீமோ தொடங்கும் முன்பே தூக்கக் குறைவும் அசதியும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த பெண்களுக்கு, சிகிச்சை நெடுகிலும் இம்மூன்றும் மற்றவர்களைவிட மோசமாகவே இருந்தன. யார் அதிகம் துன்பப்படப்போகிறார் என்பதை முதல் ஊசிக்கு முன்பே ஓரளவு கணிக்க முடியும் என்பதே இதன் பொருள்.

ஒவ்வொரு தொந்தரவுக்கும் ஒரு மாத்திரை என்று போனால் என்ன ஆகும் என்பதற்குக் கீமோ நாளின் மருந்துச்சீட்டே சாட்சி. வாந்தியைத் தடுக்க டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தருகிறார்கள். அது அன்றிரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஒண்டான்செட்ரான் தருகிறார்கள், அது மலச்சிக்கலையும் தலைவலியையும் கொண்டுவருகிறது. வயிறு கட்டிக்கொண்டால் பசி மேலும் போகிறது. சாப்பாடு இறங்காவிட்டால் அசதி கூடுகிறது. அசதியில் பகலெல்லாம் படுத்திருந்தால் இரவில் கண் மூடுவதில்லை. இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியைப் பிடித்தால் மற்றவை தளரும் என்று பார்ப்பதுதான் தொகுதி நோக்கின் பயன். ஓலான்சபின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மனநல மருத்துவத்தில் பயன்பட்டு வந்த இந்த மலிவான மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தபோது, முதல் 24 மணி நேரத்தில் குமட்டலே இல்லாதவர்கள் 74 விழுக்காடு. சேர்க்காதவர்களில் 45 விழுக்காடு. 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வின் முடிவு இது. ஆனால் பத்து மில்லிகிராம் அளவில் அது பகலில் ஆளைச் சுருட்டிப் போட்டுவிடுகிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2.5 மில்லிகிராமைச் சோதித்துப் பார்த்து, வாந்தியைத் தடுப்பதில் சிறிய அளவு பெரிய அளவுக்குக் குறைந்ததல்ல, பகல் மயக்கமும் குறைகிறது என்று 2024இல் அறிவித்தது. குமட்டலை மட்டும் கேட்டிருந்தால் பத்து மில்லிகிராமிலேயே ஆய்வு முடிந்திருக்கும். குமட்டலையும் பகல் தூக்கத்தையும் சேர்த்துக் கேட்டதால்தான் நம் நாட்டுப் பெண்களுக்குப் பொருந்தும் அளவு கிடைத்தது.

புதுக்கோட்டையில் இந்தக் கூட்டத்தோடு உள்ளூர்ச் சங்கதிகளும் சேர்ந்துகொள்கின்றன. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே ரத்தம் குறைவாக உள்ள உடம்பில் கீமோ மேலும் சிவப்பணுக்களைக் குறைக்கும்போது, எந்த அசதி மருந்தால், எந்த அசதி ரத்தசோகையால் என்று பிரிப்பது கடினம். அடுத்தது தூரம். மாவட்டப் பெண்கள் பலர் சிகிச்சைக்குத் திருச்சி, தஞ்சாவூர், மதுரை, சென்னை என்று போகிறார்கள். புதுக்கோட்டை நகரிலிருந்து திருச்சியே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். மணமேல்குடிக் கடற்கரைக்காரருக்கு நூறைத் தாண்டும். பத்தாம் நாள் வாய்ப்புண் வந்தால் அவ்வளவு தூரம் போய்க் காட்டுவதைவிடப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதே எளிது. மூன்றாவது தொழில். பாக்லிடாக்சல் நரம்பு நுனிகளைத் தாக்கும். விரல் நுனியும் பாதமும் மதமதத்துப் போகும், எரியும். கீரமங்கலம் பக்கம் விடியுமுன் மல்லிகை மொட்டுப் பறிப்பவருக்கும் பூக்கட்டுபவருக்கும் விரல் நுனிதான் மூலதனம். மொட்டின் காம்பை நகத்துக்கும் சதைக்கும் நடுவே உணர்ந்து கிள்ள வேண்டும். நூலின் இழுவை விரலுக்குத் தெரிய வேண்டும். ஆதனக்கோட்டையில் சூட்டோடு முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பெடுப்பவருக்கோ, சூடு தெரியாத விரல் தீக்காயத்துக்கு வழி. மருத்துவ அட்டவணையில் ‘முதல் நிலை நரம்புப் பாதிப்பு’ என்று லேசாகக் கடந்துபோவது இவர்களுக்கு வருமானம் நிற்கும் செய்தி. வருமானம் நின்றால் கவலை, கவலையில் தூக்கமின்மை, தூக்கமின்மையில் வலி கூடுதல் என்று இரண்டாவது கூட்டம் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய்வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. அது பெரிய காரியம். ஆனால் மருத்துவமனைக் கட்டிலுக்கும் அடுத்த தேதிக்கும் இடையிலான நாள்கள் அதன் கணக்கில் வருவதில்லை.

உயிர் பிழைப்பதுதானே முக்கியம், குமட்டலும் அசதியும் சிகிச்சை முடிந்தால் போய்விடுமே என்று கேட்கலாம். இந்தக் கேள்வி, தொந்தரவு வேறு, உயிர் வேறு என்று வைத்துக்கொள்கிறது. இத்தாலியின் மிலான் நகரில் ஜியானி பொனடோனாவின் குழு, அறுவைக்குப் பின் கீமோ பெற்ற மார்பகப் புற்றுநோயாளிகளை இருபது ஆண்டு பின்தொடர்ந்து 1995இல் முடிவுகளை வெளியிட்டது. திட்டமிட்ட மருந்தளவில் 85 விழுக்காடாவது பெற்றவர்களுக்குப் பலன் தெளிவாகத் தெரிந்தது. 65 விழுக்காட்டுக்கும் கீழே பெற்றவர்கள், கீமோ பெறாதவர்களைவிடப் பெரிதாக மேம்படவில்லை. முடிந்துபோன சிகிச்சையைத் திரும்பிப் பார்த்த கணக்கு இது என்பதால் அதற்குரிய எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்; ஆனாலும் குணப்படுத்தும் நோக்கத்தில் தரும் கீமோவில் அளவையும் தேதியையும் தேவையின்றித் தளர்த்தக் கூடாது என்ற இன்றைய நடைமுறைக்கு வலுச்சேர்த்த ஆய்வுகளில் அதுவும் ஒன்று. ஒரு பெண் தேதியைத் தள்ளிப்போடுவதும், பாதியில் நிறுத்துவதும் பெரும்பாலும் அந்த நடுநாள்களில் எடுக்கப்படும் முடிவுகள். ‘இனி என்னால முடியாது’ என்ற சொல் மருத்துவரின் அறையில் பிறப்பதில்லை. சோறு இறங்காத எட்டாம் நாள் இரவில் பிறக்கிறது. அந்த இரவைக் கவனிப்பது, வாங்கிய மருந்து வேலைசெய்வதற்கு அவர் தொடர்ந்து வருவதை உறுதிசெய்யும் வழி.

மருத்துவர்கள்தான் கேட்கிறார்களே என்றால், அதற்கும் சான்று இருக்கிறது. 2015இல் இத்தாலிய ஆய்வாளர் மாசிமோ டி மயோவும் சகாக்களும் மூன்று மருத்துவச் சோதனைகளில் நோயாளிகள் சொன்னதையும் மருத்துவர்கள் குறித்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பசியின்மை, குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, முடி உதிர்தல் ஆகிய ஆறில், நோயாளி சொன்ன தொந்தரவு மருத்துவரின் குறிப்பில் இடம்பெறாமல் போனது 40 முதல் 74 விழுக்காடுவரை. அக்கறையின்மை என்று இதைத் தள்ளிவிட முடியாது. நெரிசலான புறநோயாளர் பிரிவில் சில நிமிடங்களில், நல்ல நாளில் கேட்கும் கேள்விக்கு இவ்வளவுதான் பதில் கிடைக்கும். நோயாளியே முறையாகப் பதிவுசெய்தால் என்ன மாறுகிறது என்பதை நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் ஈத்தன் பாஷ் 766 பேரிடம் சோதித்தார். தொந்தரவு கூடியதும் செவிலியருக்குத் தகவல் போனது. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்கள் 41 விழுக்காட்டிலிருந்து 34 ஆகக் குறைந்தார்கள். இடைநிலை வாழ்நாள் 26 மாதத்திலிருந்து 31 மாதமாகக் கூடியதென்று 2017இல் அறிவித்தார். பின்னர் அமெரிக்காவின் 52 மையங்களில் நடந்த பெரிய சோதனையில் வாழ்நாள் கூடுதல் உறுதிப்படவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் அங்கும் உடல் செயல்திறன், அறிகுறிக் கட்டுப்பாடு, வாழ்க்கைத் தரம் ஆகியவை மேம்பட்டன. முதல் அவசர சிகிச்சை தள்ளிப்போனது. ஆயுள் கூடும் என்று வாக்குறுதி தர இந்தச் சான்று போதாது. துன்பமும் நடுராத்திரி ஓட்டமும் குறையும் என்று சொல்லப் போதும். இந்த வாதத்துக்கு அது போதுமானது.

அறிவியல் தரப்பிலிருந்து வரும் தடை இன்னும் நியாயமானது. எந்த அறிகுறி எந்தத் தொகுதியில் சேரும் என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு இருக்கிறது. எத்தனை அறிகுறிகளைக் கேட்டார்கள், எந்த நாளில் கேட்டார்கள், எந்தப் புள்ளியியல் முறையைப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பொறுத்து கூட்டங்கள் கலைந்து வேறு விதமாகக் கூடுகின்றன. முதல் சுற்றில் இருந்த கூட்டம் நான்காம் சுற்றில் அப்படியே இருப்பதுமில்லை. இவ்வளவு நிலையற்ற ஒன்றை வைத்து அரசுத் திட்டம் போடலாமா? தொகுதிகளின் துல்லியமான எல்லை தெரிந்தால்தான் புதிய மருந்து கண்டுபிடிக்க முடியும் என்பது சரி. செவிலியர் ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பத்து கேள்வியைச் சேர்த்துக் கேட்பதற்கு அந்தத் துல்லியம் தேவையில்லை. தொந்தரவுகள் சேர்ந்து வருகின்றன, ஒன்றை ஒன்று மோசமாக்குகின்றன என்ற இரண்டு செய்திகள் போதும். அவற்றில் ஆய்வாளர்களுக்குள் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. சொல்லப்போனால், கூட்டங்கள் சுற்றுக்குச் சுற்று மாறுகின்றன என்பதே ஒருமுறை கேட்டுவிட்டு நிறுத்தக் கூடாது என்பதற்கான காரணம்.

ஆள் எங்கே என்பதுதான் மாவட்ட நிர்வாகம் எழுப்பும் கேள்வியாக இருக்கும். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ஏற்கெனவே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைச் சுமந்து வீடு வீடாக நடக்கிறார்கள். குறைந்த ஊதியத்தில் இருக்கும் அவர்கள் தலையில் இன்னொரு பதிவேட்டை ஏற்றுவது நியாயமில்லை என்பது உண்மை. ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி 2022இல் இந்தியாவில் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் ஏறத்தாழ 1.92 லட்சம். அந்த விகிதத்தை, 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எட்டு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட பெண்கள் இருந்த புதுக்கோட்டைக்குப் பொருத்தினால் ஆண்டுக்கு இருநூறு சொச்சம் பேர் வருகிறார்கள். எல்லாருக்கும் கீமோ தேவைப்படும் என்றும், ஒவ்வொருவருக்கும் அது அரையாண்டு ஓடும் என்றும் தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், எந்த ஒரு மாதத்திலும் மாவட்டத்தில் கீமோவில் இருக்கும் மார்பகப் புற்றுநோயாளிகள் நூறு பேருக்குச் சற்று மேல். பதின்மூன்று ஊராட்சி ஒன்றியங்களுக்குப் பங்கிட்டால் ஒன்றியத்துக்கு எட்டு ஒன்பது பேர். உண்மை எண்ணிக்கை இதைப்போல இரு மடங்கானாலும் ஒன்றியத்துக்கு இருபதைத் தாண்டாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தின் வடிவமைப்பிலேயே வட்டாரந்தோறும் நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் உண்டு. அவர்கள் இன்று பெரும்பாலும் படுக்கையில் விழுந்துவிட்டவர்களிடமும் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களிடமும் போகிறார்கள். குணமாகும் வாய்ப்புள்ள, கீமோவின் நடுவில் இருக்கும் பெண்ணையும் அவர்கள் பட்டியலில் சேர்ப்பதற்குப் புதிய பணியிடம் எதுவும் வேண்டாம். ஓர் ஆணையும் சில நாள் பயிற்சியும் போதும்.

நம் பெண்கள் சொல்ல மாட்டார்கள், கேட்டாலும் மறைப்பார்கள், அல்லது கேட்டுக் கேட்டே பயத்தைக் கிளப்பிவிடுவோம் என்பது மற்றொரு தயக்கம். சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்களோ, வீட்டாருக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற அச்சத்தில் மறைப்பவர்கள் உண்டு. அந்த அச்சத்தைப் போக்க வழி, ‘இது வரும், இந்த நாளில் வரும், வந்தால் இதைச் செய்யலாம்’ என்று முதல் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுவதுதான். எதிர்பார்த்த குமட்டலைவிட எதிர்பாராத குமட்டலே ஆளை உலுக்கும். எழுத்தறிவும் தொழில்நுட்பமும் குறைந்த இடத்தில் இதெல்லாம் ஆகுமா என்று கேட்பவர்களுக்குப் புதுக்கோட்டையின் சொந்த வரலாறே பதில் தரும். 1990களின் தொடக்கத்தில் எழுத்தறிவு பரப்பிய அறிவொளி இயக்கம் ஊர் ஊராகத் தொண்டர்களை அனுப்பியது. குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளுமாக ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொண்டார்கள். அன்று இருபதிலும் முப்பதிலும் இருந்தவர்கள் இன்று ஐம்பதையும் அறுபதையும் கடந்து, மார்பகப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படும் வயதில் இருக்கிறார்கள். தங்கள் உடம்பில் நடப்பதைப் பத்து கட்டங்களில் குறித்துக்கொள்ள அவர்களால் முடியாது என்று முடிவுகட்ட எவருக்கும் உரிமையில்லை.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. கீமோ தொடங்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அட்டை. அதில் குமட்டல், சாப்பாடு, வயிற்றுப் போக்கு அல்லது கட்டுதல், வாய்ப்புண், தூக்கம், அசதி, வலி, விரல் மதமதப்பு, மனச்சோர்வு. ஒவ்வொன்றுக்கும் சுழியத்திலிருந்து பத்துவரை மதிப்பெண். 1991இல் கனடாவின் எட்மன்டனில் எடுவார்டோ புரூரா உருவாக்கிய அளவுகோல் இப்படிப்பட்டதுதான். உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. முதல் ஊசிக்கு முன் ஒருமுறை, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் செவிலியர் தொலைபேசியிலோ நேரிலோ கேட்டுக் குறிக்க வேண்டும். தனித்தனி எண்ணைப் பார்க்காமல் அட்டையை முழுதாகப் பார்க்க வேண்டும். தூக்கமும் அசதியும் மனமும் சேர்ந்து ஏறினால் ரத்தசோகையைப் பரிசோதிப்பது, ஸ்டீராய்டு வேளையை மாற்றலாமா என்று கேட்பது, இயன்முறை மருத்துவர் சொல்லும் அளவான நடைப்பயிற்சி ஆகியவை மாத்திரைக்கு முன்னால் வர வேண்டும். கீமோவின்போது உடற்பயிற்சி அசதியைக் குறைக்கும் என்பதற்குச் சான்று வலுவாக இருப்பதால், அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2022இல் அதைப் பரிந்துரையாகவே வெளியிட்டது. மருந்தை மாற்றும் அதிகாரம் சிகிச்சை தரும் மருத்துவருடையது. ஆகவே அந்தப் பிரிவில் அழைப்பை எடுக்க ஒருவர், அழைக்க ஓர் எண் கட்டாயம் வேண்டும். ஒன்றை மட்டும் இந்தக் கூட்டத்தோடு சேர்க்கக் கூடாது: காய்ச்சல். வெள்ளை அணு இறங்கியிருக்கும் நாள்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டுப் பொறுத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அட்டையின் முதல் வரியில் அது பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அட்டையோடு ஒரு வெப்பமானியும் தரப்பட வேண்டும்.

1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை எதற்கு என்று கேட்கப்பட்ட காலத்தில் விடாமல் போராடி, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்றைய தேவை நோயாளி போய்ச்சேர ஓர் இடம். அந்தத் தேவை இன்னும் முழுதாகத் தீரவில்லை. எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் மூன்றாண்டுக்குள் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என்று 2025-26 மத்திய பட்ஜெட் அறிவித்திருப்பது அதனால்தான். மையங்கள் வந்தால் பயணம் குறையும். ஆனால் இருபத்தொரு நாளில் ஒரு பகலைத்தான் அவை கவனிக்கும். மீதி இருபது நாளையும் சேர்த்துக் கவனிக்கிறோமா என்பதை அறிய ஓர் எளிய அளவுகோல் உண்டு. மாவட்டத்தில் இந்த ஆண்டு கீமோ தொடங்கிய பெண்கள் எத்தனை பேர், அவர்களில் திட்டமிட்ட அளவிலும் தேதியிலும் முடித்தவர்கள் எத்தனை பேர், முடிக்காதவர்கள் எந்த நாளில், எந்தெந்தத் தொந்தரவுகள் சேர்ந்திருந்தபோது நின்றார்கள் என்ற மூன்று எண்களை மாவட்டச் சுகாதாரத் துறை ஆண்டுதோறும் பெயர் விவரமின்றி வெளியிடட்டும். படுக்கைகளின் எண்ணிக்கையைவிட இந்த மூன்று எண்கள்தான் சிகிச்சை நடக்கிறதா என்பதைச் சொல்லும். அவற்றைத் திரட்டப் புறப்படும் நாளிலேயே நடுநாள்களில் கேட்கும் வேலையும் தொடங்கிவிடும்.